முற்று எங்கே, புள்ளி அங்கே

கேள்வி: திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். ஒன்றரை வருடமாக மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மாதம் ஒருதரம் ஆங்கிலத்தில் இரண்டு பக்க அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தால் சிவப்பு மையாகத் திரும்பி வருகிறது. ஆறு மாதம் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போனேன். பன்னிரண்டு டென்ஸும் பாடம், கேட்டால் வரிசையாகச் சொல்வேன். எழுத இருந்தால் ஒன்றும் கைகொடுப்பதில்லை. கொமா எங்கே, புல்ஸ்டொப் எங்கே என்பதும் பிடிபடவில்லை. இலக்கணத்தை முதலில் படிப்பதா, குறியீடுகளை முதலில் படிப்பதா? என் அறிக்கையில் ஒரு பந்தியை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, கடிதத்தைவிட நீங்கள் அனுப்பிய பந்திதான் கூடுதலாகக் கதை சொல்கிறது. ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கொப்பியை எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாசியுங்கள்.

உங்கள் பந்தி இது: “ஒன் 12 மார்ச் வி வென்ட் டு த வில்லேஜ், வி மெட் 14 ஃபெமிலீஸ், தே ஆர் ஹேவிங் ஒன்லி வன் வெல், வோட்டர் இஸ் சோல்ட்டி, பீப்பிள் இஸ் வோக்கிங் 2 கிலோமீட்டர்ஸ், வி டிஸ்கஸ்ட் அபவுட் திஸ் வித் த ஜி.எஸ்., ஹி டோல்ட் வில் கம் அண்ட் சீ.”

ஜி.எஸ். என்றால் கிராம சேவகர். ஆறு கொமா, கடைசியில் ஒரே ஒரு புல்ஸ்டொப். சொல்லவந்த விஷயம் தெளிவாக இருக்கிறது, சொற்களும் போதும். டென்ஸில்கூடப் பெரிய பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. இலக்கணமா குறியீடா என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் அதே இடத்தில்தான்: இரண்டையும் தனித்தனியாகப் படிக்க முடியாது.

சாதாரண தரத்துத் தமிழில் வினைமுற்று, வினையெச்சம் படித்திருப்பீர்கள். இதே பந்தியைத் தமிழில் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள்? “கிராமத்துக்குப் போய், 14 குடும்பங்களைச் சந்தித்து, கிணற்றைப் பார்த்து, ஜி.எஸ்ஸுடனும் கதைத்துவிட்டு வந்தோம்.” போய், சந்தித்து, பார்த்து, கதைத்துவிட்டு என்று நாலு எச்சம். வந்தோம் என்று ஒரே முற்று. முற்று வந்ததும் புள்ளி விழுகிறது. முற்றுப்புள்ளி என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது பாருங்கள். தமிழில் ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஓட்டினாலும் பிழை இல்லை, எச்சங்கள் தாங்கிக்கொண்டு போகும். நடுவில் போடுகிற கொமா வெறும் மூச்சு, அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் விழாது.

இந்த ஓட்டத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் கால் தடுக்குகிறது. “போய்” என்பதை வென்ட் என்றும் “சந்தித்து” என்பதை மெட் என்றும் எழுதினீர்கள். வென்ட் எச்சம் இல்லை, முழு முற்று. மெட்டும் அப்படியே. உங்கள் பந்தியில் உள்ள முற்றுகளை எண்ணிப் பாருங்கள்: வென்ட், மெட், ஆர், இஸ், மறுபடி இஸ், டிஸ்கஸ்ட், டோல்ட், வில். எட்டு. எட்டு முற்றுக்கு ஒரு புள்ளி. நடுவில் உள்ள ஆறு கொமாவும் தாங்க முடியாத பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆங்கிலத்தில் கொமாவுக்கு இரண்டு முழு வாக்கியத்தைப் பொருத்துகிற பலம் கிடையாது.

எது முற்று என்று கண்டுபிடிக்கப் பெயர்கள் பாடமாக்க வேண்டியதில்லை. வாக்கியத்தை நேற்றுக்கும் இன்றைக்கும் மாற்றிப் பாருங்கள். மாறுகிற சொல்தான் முற்று. “இஸ் வோக்கிங்” நேற்றைக்குப் போனால் “வொஸ் வோக்கிங்” ஆகிறது. இஸ் மாறியது, வோக்கிங் அசையவில்லை. ஆகவே இஸ்தான் முற்று. ஐஎன்ஜி மட்டும் தனியாக நின்றால் அது ஒருநாளும் முற்றாகாது. ‘டு’ போட்டு வருகிற வினையும் அப்படித்தான்.

முற்றுகளைக் கண்டுபிடித்த பிறகு ஒரு கணக்கு. ஒரு வாக்கியத்துக்குள் முற்று எத்தனையோ, அதில் ஒன்று குறைய இணைப்புச் சொல் இருக்க வேண்டும். ஒரு முற்று என்றால் இணைப்பு வேண்டாம். இரண்டு முற்றுக்கு ஒரு இணைப்பு: அண்ட், பட், ஸோ, ஓர், பிகோஸ், வென், இஃப், ஆல்தோ, தட், ஹூ, விச் இவற்றில் ஒன்று. இணைப்புக் குறைந்தால் அந்த இடத்தில் புல்ஸ்டொப் போடுங்கள். மூன்று வினையை அடுக்கும்போது மட்டும் கடைசி இரண்டுக்கு நடுவில் அண்ட் போட்டால் போதும், முன்னால் கொமா அந்த வேலையைச் செய்யும்.

உங்கள் பந்தியை இந்தக் கணக்கில் போட்டால் இப்படி வரும்: “ஒன் 12 மார்ச் வி விசிட்டட் த வில்லேஜ் அண்ட் மெட் 14 ஃபெமிலீஸ். தே ஹேவ் ஒன்லி வன் வெல், அண்ட் இட்ஸ் வோட்டர் இஸ் சோல்ட்டி, ஸோ தே வோக் 2 கிலோமீட்டர்ஸ் ஃபொர் ட்ரிங்கிங் வோட்டர். வி டிஸ்கஸ்ட் திஸ் வித் த ஜி.எஸ். ஹி ஸெட் தட் ஹி வுட் இன்ஸ்பெக்ட் த வெல்.”

எண்ணுங்கள். விசிட்டட், மெட், ஹேவ், இஸ், வோக், டிஸ்கஸ்ட், ஸெட், வுட். முன்போலவே எட்டு முற்று. வாக்கியம் நாலு. மிச்சம் நாலுக்கும் நாலு இணைப்பு: அண்ட், அண்ட், ஸோ, தட். கணக்குச் சரி. ஜி.எஸ். என்ற சுருக்கத்தின் கடைசிப் புள்ளியே அங்கே வாக்கியத்தையும் முடித்துவிடுகிறது, இரண்டு புள்ளி வைக்க வேண்டாம்.

ஆட்கள் அடிக்கடி விழுகிற குழி ஒன்று இருக்கிறது. தென், ஹவெவர், தெயார்ஃபோர் மூன்றும் பார்க்க இணைப்புச் சொல் போலவே இருக்கும். இணைக்காது. நம் பேச்சில் “மறுகா” சொல்வோமே, தென் அதுதான். “கிராமத்துக்குப் போனம், மறுகா ஜி.எஸ்ஸைக் கண்டம்” என்று பேசலாம். ஆங்கிலத்தில் “வி வென்ட் டு த வில்லேஜ், தென் வி மெட் த ஜி.எஸ்.” என்று கொமாவோடு எழுதினால் சிவப்பு மை விழும். தென்னுக்கு முன்னால் அண்ட் போடுங்கள், இல்லாவிட்டால் புல்ஸ்டொப் போட்டுப் புது வாக்கியமாகத் தொடங்குங்கள். ஹவெவரும் தெயார்ஃபோரும் புது வாக்கியத்தின் தலையில் நின்று, தங்களுக்குப் பின்னால் ஒரு கொமாவை எதிர்பார்க்கும். அரைப்புள்ளியும் இங்கே வேலை செய்யும். ஆனால் முதல் மூன்று மாதம் அதை அறிக்கையில் தொடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தெரியாமல் வைத்த அரைப்புள்ளியைவிடத் தெரிந்து வைத்த புல்ஸ்டொப் எவ்வளவோ நல்லது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு, புள்ளியை அவசரப்பட்டு வைப்பது. தமிழில் “அவர்கள் 2 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஏனென்றால் கிணற்றுத் தண்ணீர் உவர்” என்று எழுதுவது சரிதான். அதே மாதிரி “பிகோஸ் த வோட்டர் இஸ் சோல்ட்டி” என்பதைத் தனி வாக்கியமாக வைத்தால் அறிக்கையில் அது அரை வாக்கியம். பிகோஸ் ஒரு இணைப்பு, அது இரண்டாவது முற்றைத் தேடும். முன் வாக்கியத்தோடு சேர்த்துவிடுங்கள், நடுவில் புள்ளியும் வேண்டாம், கொமாவும் வேண்டாம். ஆல்தோ போட்ட வாக்கியத்தில் மறுபடி பட் போடுவதும், பிகோஸோடு ஸோ சேர்ப்பதும் இரண்டு முற்றுக்கு இரண்டு இணைப்பு. கணக்கு ஒன்று கூடிவிடும், உடனே தெரிந்துவிடும்.

இனி, அந்தக் கடைசி வாக்கியம். “ஹி டோல்ட் வில் கம்.” யார் வருவார் என்று வாக்கியத்தில் இல்லை. ஏன் விட்டீர்கள் என்றால் தமிழில் அது தேவையில்லை. “வாறன் எண்டவர்” என்று சொன்னால் “வாறன்” என்ற சொல்லுக்குள்ளேயே நான் இருக்கிறது, “எண்டவர்” என்பதற்குள் அவர் இருக்கிறார். வந்தோம், வந்தார்கள், வந்தாள் என்று எங்கள் வினைக்கு வால் உண்டு, வாலைப் பிடித்தால் ஆள் தெரியும். ஆங்கில வினை வாலை ஏறக்குறைய முழுவதும் தொலைத்துவிட்டது. வென்ட் என்றால் போனேனா, போனாளா, போனார்களா? அதனால் ஒவ்வொரு முற்றுக்கும் முன்னால் எழுவாயை எழுதியே ஆகவேண்டும். அண்ட் போட்டு அதே ஆளின் அடுத்த வேலையைச் சொல்லும்போது மட்டும் விடலாம், மேலே “விசிட்டட் … அண்ட் மெட்” என்று செய்தது அதுதான்.

சாதாரண வினைகளில் மிஞ்சிப்போன ஒரே ஒரு வால் எஸ். ஷி, ஹி, இட் என்ற ஒருமைக்கு நிகழ்காலத்தில் மட்டும் வரும்: “ஷி வேர்க்ஸ்”, “த கமிட்டி மீட்ஸ்”. பெயர்ச்சொல்லில் எஸ் பன்மையைக் காட்டும், வினையில் அதே எஸ் ஒருமையைக் காட்டும். ஆகவே பொதுவாக எஸ் ஒரு பக்கம்தான் நிற்கும். “த ஃபார்மர் க்ரோஸ்”, “த ஃபார்மர்ஸ் க்ரோ.” இரண்டு பக்கமும் எஸ் இருந்தாலோ, இரண்டு பக்கமும் இல்லாவிட்டாலோ ஒருக்கால் நின்று பாருங்கள். பீப்பிள், சில்ட்ரன், வுமென் மூன்றும் எஸ் இல்லாமலேயே பன்மை. அவற்றுக்கு ஆர்தான், இஸ் இல்லை.

“ஹி டோல்ட்” என்பதில் இன்னொரு சிக்கல். டோல்ட் என்றால் யாரிடம் என்று உடனே சொல்ல வேண்டும்: “ஹி டோல்ட் அஸ் தட்…”. ஆளைச் சொல்லாவிட்டால் ஸெட். அறிக்கையில் ஆள் முக்கியம் இல்லாத இடமெல்லாம் ஸெட் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வில் எப்படி வுட் ஆனது? தமிழில் “என்று” இருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே தூக்கி வைத்துப் பின்னால் “என்று” போட்டால் முடிந்தது, ஆளும் காலமும் மாறத் தேவையில்லை. ஆங்கிலத்தில் தட் முன்னால் வரும், பேசியவரின் ‘ஐ’ ஹி ஆகும், வில் வுட் ஆகும். கேள்விகளிலும் இதே இடறல். “எப்ப வருவீங்க எண்டு கேட்டாங்க” என்பதை “தே ஆஸ்க்ட் வென் வில் யு கம்?” என்று எழுதிக் கேள்விக்குறியும் வைத்துவிடுவோம். சரியானது “தே ஆஸ்க்ட் வென் வி வுட் கம்.” கேட்டது அவர்கள், நீங்கள் இப்போது சொல்கிறீர்கள், கேட்கவில்லை. ஆகவே கேள்விக்குறி இல்லை, வியும் வுட்டும் சாதாரண வரிசையில்.

டென்ஸ் பற்றி. மட்டக்களப்பில் வெஸ்லியன் பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். இரண்டு நூற்றாண்டு தாண்டிய பிறகும் பிள்ளைகளிடம் முதலில் நீட்டுவது பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையைத்தான். கள அறிக்கைக்கு அதில் மூன்று கட்டம் போதும். நடந்து முடிந்ததற்குச் சாதாரண இறந்தகாலம். கிராமத்தின் நிலைமைக்கு, அதாவது இன்றும் உண்மையாக இருப்பதற்குச் சாதாரண நிகழ்காலம். அடுத்த மாதத் திட்டத்துக்கு வில். ஹேவ் போட்ட வடிவத்தைத் திகதியோடு சேர்க்காதீர்கள். தமிழில் “போன மாதம் போயிருக்கிறோம்” என்பது சரி, “வி ஹேவ் விசிட்டட் ஒன் 12 மார்ச்” பிழை. திகதி சொன்னால் விசிட்டட் மட்டும். ஹேவிங்கும் அதேபோல: கிணறு இருக்கிறது, காணி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் வெறும் ஹேவ். “ஹேவிங் லன்ச்” மாதிரி ஒரு செயலுக்கு மட்டும்தான் ஹேவிங்.

“டிட் நொட் வென்ட்” என்று உங்கள் பந்தியில் இல்லை, ஆனால் மற்றப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். இதற்குத் தமிழே உதவுகிறது. “போகவில்லை” என்பதைப் பிரியுங்கள்: போக, இல்லை. “போனேன் இல்லை” என்று யாரும் எழுதுவதில்லை. டிட் நொட் வந்த பிறகு அடுத்த வினை “போக” மாதிரி மொட்டையாக, கோ என்று மட்டும் நிற்கும். டிட் ஏற்கெனவே இறந்தகாலத்தைத் தூக்கிவிட்டது.

டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே “பற்றி” இருக்கிறது, அபவுட் வேண்டாம். ரிட்டர்னுக்கு பேக் வேண்டாம். எம்ஃபஸைஸுக்கு ஒன் வேண்டாம். ரிக்குவெஸ்ட் வினையாக வந்தால் ஃபொர் வேண்டாம், பெயராக வந்தால் வேண்டும். இதற்கு விதி தேடி நேரம் போக்காமல் பாடமாக்கிவிடுங்கள், இருபது சொல்லுக்கு மேல் வராது.

எ, அன், த மூன்றும் தமிழருக்குத் தலையிடிதான். முழுவதும் பிடிபட வருடங்கள் போகும். இப்போதைக்கு ஒரு கேள்வி போதும்: வாசிப்பவர் “எது?” என்று கேட்டால் பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியாவிட்டால் எ, தெரிந்தால் த. “தெயர் இஸ் எ வெல் நியர் த ஸ்கூல். த வெல் இஸ் 20 ஃபீட் டீப்.” முதல் தடவை அறிமுகம், இரண்டாம் தடவை பழக்கம். எண்ண முடியாத சொற்களுக்கு எ வராது, எஸ்ஸும் வராது: இன்ஃபர்மேஷன், இக்குப்மென்ட், ஃபர்னிச்சர், அட்வைஸ். “இக்குப்மென்ட்ஸ்” என்று எழுதாத அலுவலகம் இந்தக் கரையில் அபூர்வம்.

‘எ’ போடுவதா ‘அன்’ போடுவதா என்பதற்கு எங்களிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது, ஆங்கிலப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அடுத்த சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். முதல் எழுத்து உயிர் என்றால் அன், மெய்யோ உயிர்மெய்யோ என்றால் எ. அவர் என்ற மணித்தியாலம் ஆங்கிலத்தில் ‘எச்’ எழுத்தில் தொடங்கினாலும் தமிழில் ‘அ’, எனவே அன் அவர். யூனிவர்சிட்டி ஆங்கிலத்தில் யுவில் தொடங்கினாலும் தமிழில் ‘யூ’, எனவே எ யூனிவர்சிட்டி. என்.ஜி.ஓ., எம்.பி. இரண்டுக்கும் அன். வன்-டே வேர்க்‌ஷொப்புக்கு எ. இது ஒரே இடத்தில் ஏமாற்றும்: யகரத்தை நாங்கள் விழுங்குகிற சொற்களில். இயர் என்று சொல்லிப் பழகியவர் அன் இயர் என்று எழுதிவிடுவார். அது யியர், எ யியர்.

கொமாவுக்கு வருவோம். ஓலைச்சுவடியில் கொமாவும் இல்லை, புல்ஸ்டொப்பும் இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கில் ஏடு படிப்பவரைக் கேட்டிருப்பீர்கள். எங்கே நிறுத்துவது என்பதை அவருக்கு ஓசையும் வினைமுற்றும் சொல்லிக்கொடுக்கின்றன. இந்தக் குறிகள் அச்சோடு ஐரோப்பிய மொழிகளில் இருந்து தமிழுக்கு வந்தவை. அதனால்தான் தமிழில் கொமாவை மூச்சுக்குப் போட்டாலும் யாரும் கோபிப்பதில்லை. ஆங்கிலத்தில் மூச்சை நம்பினால், எழுவாய் நீளமானதும் கை தானாகக் கொமா போட்டுவிடும்: “த ஃபெமிலீஸ் ஹூ லிவ் நியர் த லகூன், நீட் டொய்லெட்ஸ்.” நீட்டுக்கு முன்னால் உள்ள கொமா பிழை. எழுவாய்க்கும் அதன் முற்றுக்கும் நடுவில் ஒற்றைக் கொமா வரக்கூடாது, எழுவாய் ஒரு வரி நீளம் இருந்தாலும்.

வர வேண்டிய இடங்கள் அதிகமில்லை. பொருட்களை அடுக்கும்போது: “நெட்ஸ், போட்ஸ் அண்ட் எஞ்சின்ஸ்.” அண்டுக்கு முன்னால் கொமா போடுவதும் விடுவதும் இரண்டும் வழக்கில் உண்டு, அறிக்கை முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் சரி. வென், இஃப், ஆல்தோ முன்னால் வந்தால் அந்தப் பகுதி முடிகிற இடத்தில்: “வென் த லகூன் ரோஸ், த ரோட் வென்ட் அண்டர் வோட்டர்.” திருப்பிப் போட்டு வென் நடுவில் வந்தால் கொமா வேண்டாம். அண்ட், பட், ஸோ இரண்டு முழு வாக்கியத்தை இணைக்கும்போது அவற்றுக்கு முன்னால். கடைசியாக, நடுவில் செருகிய தகவலுக்கு இரண்டு பக்கமும்: “த பிரெசிடென்ட், எ ஃபிஷர்மன், ஸ்போக் ஃபர்ஸ்ட்.” இது அடைப்புக்குறி மாதிரி, திறந்தால் மூட வேண்டும். இரண்டாவது கொமாவை மறப்பதுதான் வழக்கமான பிழை.

இந்தச் செருகல் கொமாவில் காசு விஷயம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிற்கிறேன். ஒரு கிராமத்தில் 40 விவசாயிகள், மாரி வெள்ளத்தில் 25 பேருடைய வேளாண்மை அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். “த ஃபார்மர்ஸ் ஹூ லொஸ்ட் தெயர் க்ரொப் வில் கெட் சீட் பேடி.” கொமா இல்லை. விதைநெல் 25 பேருக்கு. “த ஃபார்மர்ஸ், ஹூ லொஸ்ட் தெயர் க்ரொப், வில் கெட் சீட் பேடி.” இரண்டு கொமா. இப்போது விவசாயிகள் எல்லோருமே பயிரை இழந்தார்கள், விதைநெல் 40 பேருக்கும். சொல் ஒன்றுகூட மாறவில்லை. தமிழில் “பயிரை இழந்த விவசாயிகள்” என்ற பெயரெச்சம் இரண்டு பொருளையும் ஒன்றாகவே தரும், அதனால் எங்களுக்கு இந்த வேறுபாடு இயல்பாகக் கண்ணில் படாது. ஹூ, விச் எழுதும்போதெல்லாம் கேளுங்கள்: இந்தத் துண்டு ஆட்களைப் பிரித்தெடுக்கிறதா, எல்லோரைப் பற்றியும் மேலதிகமாக ஒன்று சொல்கிறதா? பிரித்தெடுத்தால் கொமா இல்லை.

அப்பொஸ்ட்ரபி, அந்த மேலே தொங்கும் கொமா, இரண்டு வேலைக்கு மட்டும்: உடைமை, எழுத்து விடுபடல். பன்மைக்கு ஒருபோதும் இல்லை. கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகாதீர்கள். “விவசாயியின்” என்றால் எஸ்ஸுக்கு முன்னால், “விவசாயிகளின்” என்றால் எஸ்ஸுக்குப் பின்னால். வுமென், சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை என்பதால் முன்னால். மாதர் சங்கத்தின் பெயரை எழுதும்போது இதைப் பாருங்கள். இட்ஸ் என்பதை இட் இஸ் என்று விரித்துப் பாருங்கள். விரிந்தால் அப்பொஸ்ட்ரபி உண்டு, விரியாவிட்டால் “அதன்”, அப்பொஸ்ட்ரபி இல்லை. டோன்ட், கான்ட் மாதிரிச் சுருக்கங்களை அறிக்கையில் விரித்தே எழுதுங்கள்.

கப்பிட்டல் எழுத்து ஊர், ஆள், மாதம், கிழமை நாள், மொழி இவற்றுக்கு. முக்கியம் என்று தோன்றுகிற சொல்லுக்கெல்லாம் வேண்டாம். வெல், வில்லேஜ், ஃபார்மர் சிறிய எழுத்துதான். கணினியில் கொமாவுக்கும் புள்ளிக்கும் முன்னால் இடைவெளி இல்லை, பின்னால் ஒன்று. தொகையை லட்சத்தில் எழுதினால் வெளிநாட்டு நன்கொடையாளருக்கு விளங்காது: 2.5 லட்சம் என்பதை 250,000 என்று போடுங்கள். வேர்டில் மொழியை ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், எங்கள் அலுவலக எழுத்துக்கூட்டல் அதுதான்.

பயிற்சிக்குப் புதுப் புத்தகம் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கிற மிக நல்ல பயிற்சி நூல் சிவப்பு மை விழுந்த பழைய அறிக்கைகள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், நாலு கிழமை. முதல் கிழமை பழைய அறிக்கையில் ஒரு பந்தியை எடுத்து முற்றுகளுக்குக் கீழே கோடு, எழுவாய்க்கு வட்டம், இணைப்புக்குப் பெட்டி. வட்டம் இல்லாத கோடு தெரிந்தால் எழுவாய் விடுபட்டிருக்கலாம். கோடு கூடிப் பெட்டி குறைந்தால் புள்ளி விடுபட்டிருக்கிறது. வேறொன்றையும் திருத்தாதீர்கள், எ, த எல்லாம் அப்படியே கிடக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் மூன்றாம் நாள் கொப்பி மூலைக்குப் போய்விடும்.

இரண்டாம் கிழமை ஒரு ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியில் ஐந்து வாக்கியம். முதல் நாள் தமிழில் எழுதுங்கள். மூலத்தை மடித்து வையுங்கள். அடுத்த நாள் உங்கள் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுங்கள். எ, த விடுபடுகிற இடமும் கொமா மாறுகிற இடமும் அப்போது கண்ணில் குத்தும். மூன்றாம் கிழமை பிழைக் கொப்பி, மூன்று பத்தி: எழுதியது, சரியானது, ஏன் பிழைத்தது. மூன்றாவது பத்தி வெறுமையாக இருந்தால் அந்தப் பிழை திரும்பி வரும். “தமிழில் எழுவாய் தேவையில்லை, அதனால் விட்டேன்” என்று ஒரு வரி எழுதினால் போதும். சந்தேகம் வரும் இடத்துக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆங்கிலம் கற்கும் இணையத்தளத்தில் இலக்கணப் பயிற்சிகள் இலவசமாகவே இருக்கின்றன. ஏ1-ஏ2 பகுதியில் இருந்து தொடங்குங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

நாலாம் கிழமை புது அறிக்கை. வாக்கியம் 20 சொல்லைத் தாண்டினால் உடைக்கப் பாருங்கள். முடித்ததும் ஒரு இரவு விட்டு, கடைசி வாக்கியத்தில் இருந்து முதல் வாக்கியம் வரை பின்னோக்கி வாசியுங்கள். முன்னோக்கி வாசித்தால் நீங்கள் சொல்ல நினைத்ததை வாசிப்பீர்கள், எழுதியதை வாசிக்க மாட்டீர்கள். கைபேசி மொழிபெயர்ப்பையும் பிழை திருத்தும் செயலியையும் இதற்குப் பிறகு பாவியுங்கள், முன்னால் இல்லை. தமிழில் எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கொடுத்தால் அது தானாக ஒரு ஹியையோ ஷியையோ வைத்துவிடும், கிணறு கேட்ட அம்மா அறிக்கையில் ஆணாகிவிடுவார்.

மேலதிகாரியிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள். பிழையைத் திருத்தித் தராமல், பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு வரியில் இரண்டு பிழை என்றால் இரண்டு கோடு. எது பிழை என்று தேடுவது உங்கள் வேலையாகட்டும். அவருக்கும் நேரம் மிச்சம் என்பதால் மறுக்க மாட்டார். அடுத்த அறிக்கை திரும்பி வந்ததும் கோடுகளை எண்ணித் திகதியோடு பிழைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.